சொல்லிக்கொடுக்காமல் கேட்டவர்

அன்று வெள்ளிக்கிழமை காலை. அம்மன் கோவிலில் உட்கார்ந்து விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. சுகந்தியின் பெயர் தெரிந்தது. புறங்கையால் தொட்டுக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க கண்ணு, இன்னைக்கு எந்த ஊர்ல கேள்வி கேட்டுட்டு இருக்கீங்க?" என்றேன்.

மறுமுனையில் ஓர் ஆண் குரல். "அக்கா, நான் சுகந்தியோட தம்பி பேசறேனுங்க." பக்கத்தில் இருந்த யாரோ போனை வாங்கி மீதியைச் சொன்னார்கள். முந்தின நாள் சுகந்தி வேலைக்குக் கிளம்பும்போது தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். மூளையில் இரத்தக் கசிவு. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கண் திறக்கவே இல்லை. நாற்பத்து மூன்று வயது.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் சுகந்திக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் மலையில் தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் இருக்கும் ராசாத்தி என்ற பெண்ணிடம் போய், அவளுக்கு நான் செய்த ஒரு தப்பை என் வாயால் சொல்லிவிடுகிறேன் என்று. சொல்லவில்லை. இனி என்னைக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அம்மன் முன்னால் உட்கார்ந்துகொண்டு அப்படித் தோன்றியது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அந்த அழுகை சுகந்திக்காகவா, எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

அவருடைய தொழில் நண்பர்கள் நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். எனக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் எங்கள் மிளகுக் கடைக்குப் பொட்டலம் கட்ட வரும் பழைய பேப்பரில்தான். பிறந்தது காளப்பநாயக்கன்பட்டி. கல்யாணமாகி மலைமேல் இருக்கும் சோளக்காட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. இரண்டு பக்கத்தில் அடங்காது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சுகந்தி முதன்முதலில் மலைக்கு வந்தது நாலு வருடத்துக்கு முன். சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி விற்கிறவரிடம் போய், "நல்லா எழுதத் தெரிஞ்சவங்க, எல்லா ஊட்டுக்குள்ளயும் போய் வரக்கூடியவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர், "சரசக்காவப் போய்ப் பாருங்க. காக்கா கத்துனாக்கூட நோட்டுல எழுதி வெக்கும்" என்று கை காட்டிவிட்டார்.

அவர் சொன்னது பாதி கிண்டல், பாதி உண்மை. எனக்கு எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. எந்த நாள் மழை, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு ஏறி வந்தது, கோவில் விளக்குக்கு எத்தனை ஆழாக்கு எண்ணெய் என்று எல்லாம் நோட்டில் இருக்கும். சுகந்தி நின்றபடியே ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"பஸ் வந்த நேரமெல்லாம் எதுக்குங்கக்கா எழுதறீங்க?"

"அம்மன் ஒருநாளைக்குக் கேப்பா இல்லீங்களா? இத்தன நாளு கண்ணு குடுத்தனே, நீ என்னத்தப் பாத்தேன்னு."

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து இன்னொரு நோட்டை எடுத்தார்.

அவருடைய தொழில் மக்கள் தொடர்பு. ஒரு நிறுவனம் செய்கிற காரியத்தைப் பத்துப் பேருக்குத் தெரியப்படுத்துகிற வேலை என்று மட்டும்தான் நானும் நினைத்தேன். சுகந்தி செய்தது அதற்கு அடுத்த வேலை. தெரியப்படுத்தியது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்து ஏதாவது மாறியதா என்று ஆராய்ந்து அளப்பது. அப்போது அடிவாரத்தில் இருக்கும் ஒரு தர்ம ஆஸ்பத்திரி, மலைப் பெண்களின் பிரசவத்துக்காக ஒரு ஜீப் விட்டிருந்தது. நம்பருக்குக் கூப்பிட்டால் காசில்லாமல் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சுவரெல்லாம் அந்த நம்பரை எழுதினார்கள். தெருக்கூத்துப் போட்டார்கள். பேப்பரிலும் செய்தி வந்தது. அந்த விளம்பர வேலையைச் செய்தது சுகந்தியின் ஆபீஸ்.

பையில் இருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்துக் காட்டினார். வெட்டி ஒட்டிய பேப்பர் துண்டுகள். "இதையெல்லாம் ஸ்கேல் வெச்சு அளப்போமுங்கக்கா. இவ்வளவு இடத்துக்கு விளம்பரம் குடுத்திருந்தா எவ்வளவு செலவாகும்னு கணக்குப் போட்டு, அவ்வளவு மதிப்புக்கு உங்களப் பத்திச் சேதி வந்திருக்குதுன்னு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்."

கடையிலிருந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "இதுல ஒரு தாளுக்குக் கால் கிலோ மொளகு கட்டலாமுங்க" என்றார்.

சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாமா சொல்றதுதான் சரியான மதிப்பு. இது நாங்க எவ்வளவு பேசுனோங்கறதுக்கு அளவு. கேட்டவங்க என்ன செஞ்சாங்கன்னு இதுல எங்கயும் இல்ல. அதத் தெரிஞ்சுக்கத்தான் உங்களத் தேடி வந்தேன்."

கேட்டு எழுத எனக்கு நாற்பது வீடு கொடுத்தார். படிவத்தில் நாலே கேள்வி. ஜீப் இருப்பது தெரியுமா? நம்பர் தெரியுமா? வலி வந்தால் கூப்பிடுவீர்களா? கூப்பிடமாட்டீர்கள் என்றால் ஏன்? ஒரு நாள் முழுக்க என்னோடு உட்கார்ந்து பழக்கினார். "ஒண்ணே ஒண்ணுதானுங்கக்கா. சொல்லிக்குடுக்காதீங்க. தப்பாச் சொன்னா தப்பாவே எழுதுங்க. பேசாம இருந்தா, பேசலைன்னு எழுதுங்க."

நான் தலையை ஆட்டினேன். அடுத்த நாளே அதை மீறினேன்.

ஏன் மீறினேன் என்று சொல்கிறேன். அதற்கு முந்தின வருடம் வெளியூர்க்காரர்கள் சிலர் கேமராவோடு வந்து எங்கள் பெண்களிடம் ஏதேதோ கேட்டார்கள். அவர்கள் வெள்ளந்தியாகச் சொன்ன பதில்களை வெட்டி ஒட்டி, சிரிப்பு வருகிற மாதிரி எல்லாக் கைப்பேசிக்கும் அனுப்பிவிட்டார்கள். அது என் மனதில் முள்ளாக இருந்தது. இன்னொரு தடவை எங்கள் பெண்களை யாரும் பார்த்துச் சிரிக்கக்கூடாது. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முந்தின நாளே பிள்ளைகளுக்குப் பதிலைச் சொல்லிவைப்பார்கள் இல்லையா, அதுபோல வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தேன். நம்பரை மனப்பாடம் பண்ண வைத்தேன். மறுநாள் போய்க் கேட்டு எழுதினேன். எல்லோரும் ஒழுங்காகச் சொன்னார்கள், ஒருத்தியைத் தவிர.

ராசாத்திக்கு அப்போது நாலு மாதம். தலைச்சன். வாசலில் உட்கார்ந்து மிளகைக் காம்பிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜீப்புல நான் ஏற மாட்டனுங்கக்கா" என்றாள்.

"ஏன் கண்ணு?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? பொணம் ஏத்துன வண்டி."

எனக்குத் தெரியும். மலையில் எல்லோருக்கும் தெரியும். ஜீப் வந்த புதிதில், அடிவாரத்தில் இறந்துபோன ஒரு பெரியவரை மேலே கொண்டுவர வழியில்லாமல் அவர் வீட்டார் நின்றபோது, ஆஸ்பத்திரிக்காரர்கள் இரக்கப்பட்டு அந்த ஜீப்பிலேயே ஏற்றி அனுப்பினார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் பிணம் படுத்த இடத்தில் பிள்ளைத்தாய்ச்சியைப் படுக்க வைக்க இங்கே யாரும் சம்மதிக்க மாட்டார்கள். என் மகளாக இருந்தால் நானும் சம்மதித்திருக்க மாட்டேன்.

"உஸ்! இதையெல்லாம் எழுதுனா நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க. கூப்பிடுவேன்னு சொல்லு சாமி."

ராசாத்தி அடுத்த காம்பை எடுத்து உருவினாள். "நீங்க சொல்றீங்கன்னு சொல்றனுங்க. எழுதிக்கோங்க."

எழுதினேன்.

சுகந்தி படிவங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே மாதிரி பேசியிருக்காங்களேக்கா?" என்றார். "எங்க ஊருல எல்லாரும் ஒரே மாதிரிதானுங்க பேசுவோம்" என்றேன். சிரித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். மலையில் செய்தி நன்றாகச் சேர்ந்திருக்கிறது, எல்லோரும் ஜீப்பைக் கூப்பிடத் தயாராக இருக்கிறார்கள் என்று அறிக்கை போனது. ஆஸ்பத்திரிக்கு மகிழ்ச்சி. இனி அங்கே செய்ய ஒன்றும் இல்லை என்று வேறு ஊர்களைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து, ஐப்பசி மழையில் ஒரு காலை. சோளக்காட்டில் பஸ் நிற்கிற இடத்தில் கூட்டம். ராசாத்தியைப் போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, வழுக்கும் பாதையில் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பஸ் வரவில்லை. பால் வண்டிக்கு ஆள் ஓடியிருந்தது. நான் குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். என் வாயில் முதலில் வந்தது, "ஏஞ்சாமி, ஜீப்பக் கூப்பிடலையா?" என்பதுதான்.

அவ்வளவு வலியிலும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நான்தான் அன்னைக்கே சொன்னனுங்களேக்கா."

பால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. அழவில்லை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. ராசாத்தியை மட்டும் ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள்.

அன்று சாயந்திரம் சுகந்தியைக் கூப்பிட்டு, "ஒரு நடை வாங்க கண்ணு, போன்ல சொல்ல முடியாது" என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். அடுப்படியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொடாமலே காப்பி ஆறிப்போனது. பிறகு ஃபைலைத் திறந்து ராசாத்தியின் படிவத்தைத் தேடி எடுத்தார். என் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது.

"அடிச்சுத் திருத்துன அடையாளங்கூட இல்லையேக்கா" என்றார். அவர் என்னைச் சுடுசொல் சொன்னது என்றால் அது ஒன்றுதான்.

நான் அழுதேன். "என்னைய ஏதாச்சும் திட்டிருங்க கண்ணு."

"திட்டுனா எனக்கு லேசாப் போயிருமுங்க. எல்லாரும் ஒரே மாதிரி பேசியிருக்காங்கன்னு அன்னைக்கு நாந்தான கேட்டேன்? சந்தேகம் வந்துச்சு. நாலு ஊட்டுக்கு நானே மறுபடியும் போய்ப் பாத்திருக்கோணும். முடிவு நல்லா வந்திருக்குதேன்னு எனக்கும் ஆசை. விட்டுட்டேன்."

எழுந்து வெளியே போனார். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது, ரோட்டோரம்தான் கிடைக்கும். மழைத் தூறலில் நின்று ஆபீஸ் மேலாளரைக் கூப்பிட்டார். காற்றில் சரியாகக் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"சார், மலை ரிப்போர்ட்டத் திரும்ப வாங்கோணும். தப்பு."

"ஏம்மா, குடுத்த ரிப்போர்ட்ட யாராச்சும் திரும்பக் கேப்பாங்களா? பார்ட்டியே சந்தோசமா இருக்கறான். யாரு பண்ணுன தப்பு? படிவம் எழுதுச்சே, அந்தம்மாவா?"

என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "நான் சார். என் பேருல போன ரிப்போர்ட்டு."

"அப்ப உங்க பேருலயே கடிதம் குடுங்க. நாளைக்கு என்னைய எதுவும் கேக்கக்கூடாது."

கொடுத்தார். அவருக்கு வர வேண்டிய பெரிய பொறுப்பு அந்த வருடம் வேறு ஒருவருக்குப் போனது. கொஞ்ச நாளில் அந்த வேலையையே விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்தார். இந்த மலரைப் படிக்கிற பலருக்கு அவர் ஏன் விலகினார் என்று தெரிந்திருக்காது. அவர் யாரிடமும் சொல்லியிருக்கவும் மாட்டார். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

விலகுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். மறுபடியும் மலைக்கு வந்து, பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கினார். இந்தத் தடவை கையில் படிவம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து, அவர்கள் மொச்சை உரித்தால் அவரும் மொச்சை உரித்தார். கிழங்கு சீவினால் கிழங்கு சீவினார். ஜீப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேச்சு நன்றாக ஓடும்போது, "உங்க ஊட்டுல கடைசியா யாருக்கு உடம்பு முடியாமப் போச்சுங்க? அன்னைக்கு என்ன பண்ணுனீங்க?" என்று மட்டும் கேட்பார். அப்புறம் சும்மா இருப்பார்.

எனக்குத்தான் பொறுக்காது. ஒரு வீட்டில், "சொல்லு பாப்பா, ஜீப்ப ஏன் கூப்பிடலைன்னு சொல்லு" என்று வாயைத் திறந்துவிட்டேன். சுகந்தி என் கையை மெதுவாக அழுத்தினார். வெளியே வந்ததும், "சரசக்கா, நீங்க நாளைக்கு அம்மன் கோவில்லயே இருங்க. எனக்காக வேண்டிக்கோங்க" என்றார். அந்தத் துக்கத்திலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

யாரும் சொல்லிக்கொடுக்காமல், எல்லா வீட்டிலும் பிணம் ஏற்றிய ஜீப் தானாக வெளியே வந்தது.

அதை எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே நேராகப் போனார். முதலில் அவர்கள், மூடநம்பிக்கை, இன்னும் நாலு கூட்டம் போட்டு எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்றார்களாம். சுகந்தி அவர்களிடம் சொன்னதை என்னிடம் அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறார்: "இத்தன நாளா அவங்களுக்கு நீங்க சொல்லியாச்சுங்க. அவங்க உங்களுக்குச் சொல்றத ஒரு தடவ கேளுங்க. வண்டிதான மாத்தோணும், அவங்க மனச இல்லையே."

அங்கே இருந்த பெரிய டாக்டரம்மா யோசித்துவிட்டுச் சரி என்றார். அதற்குப் பிறகு பிணம் ஏற்ற வேறு வண்டி ஏற்பாடானது. ஜீப்பைக் கழுவி மஞ்சள் நீர் தெளித்து அம்மன் கோவில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பூசாரி பூசணிக்காய் உடைத்தார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதலில் யார் ஏறுவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுகந்தி என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, ஏறுங்க."

"நானா? எனக்கு என்ன பிரசவமா?"

"ஏறுங்கக்கா. உங்களுக்கே நம்பிக்கை வரலைன்னா அவங்க எப்படி ஏறுவாங்க?"

ஏறினேன். அடிவாரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து இறங்கினேன். பெண்கள் வந்து என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அந்தத் தை மாதத்திலேயே ஜீப் டிரைவரின் நோட்டில் பெயர்கள் ஏற ஆரம்பித்தன. சுகந்தி மலைக்கு வரும்போதெல்லாம் முதலில் அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பார். யார் கூப்பிட்டார்கள், எந்த ஊர், தாயும் பிள்ளையும் திரும்பி வந்தார்களா என்று விரலை வைத்துப் படிப்பார். "இதுதானுங்கக்கா ரிப்போர்ட்டு" என்பார்.

நல்லது நடந்தது. ஆனால் ராசாத்திக்கு அதனால் கெட்டதும் நடந்தது. மற்ற பெண்கள் ஜீப்பில் போய்ப் பிள்ளையோடு திரும்பி வருவதைப் பார்க்கப் பார்க்க, அவள் மாமியார் நல்லம்மாவின் வாய் நீண்டது. "எல்லாரும் ஏறிப் போகலையா? இவளுக்கு மட்டும் என்ன கேடு? ஏற மாட்டேன்னு அடம்புடிச்சு எம் பேரப்புள்ளயக் கொன்னுட்டா." ராசாத்திக்கு வலி வந்தபோது வண்டி இன்னும் மாறவில்லை என்பதும், அன்று அந்த வண்டி வேண்டாம் என்றவர்களில் தானும் ஒருத்தி என்பதும் நல்லம்மாவுக்கு மறந்தே போனது.

இதைச் சுகந்தியிடம் சொன்னபோதுதான் அவர் கேட்டார். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். "அக்கா, அவங்க அன்னைக்கு உண்மையச் சொன்னாங்க. நாம அத எழுதியிருந்தா வண்டி அப்பவே மாறியிருக்கும். ராசாத்தி இத உங்க வாயால கேக்கோணும். நீங்கதான் சொல்லோணும்."

"சொல்றேனுங்க கண்ணு. வார வெள்ளிக்கெழம சொல்லிர்றேன்."

எத்தனையோ வெள்ளிக்கிழமை வந்தது, போனது. போகாததற்குக் காரணம் ஒவ்வொரு தடவையும் இருந்தது. மழை, முட்டு வலி, கோவில் விசேஷம். போனில் ஒரே ஒரு தடவை மறுபடி கேட்டார். "இன்னும் இல்லீங்க" என்றேன். "சரிங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

சேலத்துக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். தூங்குகிற மாதிரிதான் இருந்தது. அவர் செய்த ஆராய்ச்சிகளைப் பற்றிப் பெரிய மனிதர்கள் பேசினார்கள். ஒரு மூலையில் நின்று கேட்டேன். திரும்பி வரும்போது பஸ் வளைவு வளைவாக ஏறியது. பால் வண்டியில் ராசாத்தியோடு இறங்கின அதே வளைவுகள். சோளக்காட்டில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. கையில் பையோடு நேராகத் தேவனூர் நாட்டுக்கு நடந்தேன்.

ராசாத்தி காப்பிச் செடிக்கு அடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தைக்குப் பிறகு அவளுக்கு வயிறு திறக்கவில்லை. என்னைக் கண்டதும் முந்தானையை உதறிவிட்டு, "வாங்கக்கா" என்றாள்.

"சுகந்தி மேடம் தவறிட்டாங்க கண்ணு."

அவள் சருகுமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "நீ அன்னைக்குச் சொன்னத நான் எழுதல. உன்னையப் பொய் சொல்ல வெச்சேன். நான் எழுதியிருந்தா அந்த வண்டிய உனக்கு முன்னாடியே மாத்தியிருப்பாங்க. உன் புள்ள..."

ராசாத்தி மடியில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டாள். பேசியபோது குரல் உயரவில்லை.

"தெரியுமுங்க."

"எப்படி?"

"அந்த மேடம் வந்து சொன்னாங்க. வண்டிக்குப் பூச போட்ட மறுநாள், தனியா வந்தாங்க. 'நீங்க சொன்னத நாங்க சரியாக் கேக்கல, தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோங்க'ன்னு சொன்னாங்க. உங்க பேரு அவங்க வாயில வரல. ஆனா என் ஊட்டுக்கு நோட்டோட வந்தது யாருன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

"நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்கக்கா. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் கோவிலுக்கு எண்ணெ கொண்டாறப்பப் பாப்பேன். நீங்க விளக்கத் தொடச்சுட்டுக் குனிஞ்சே இருப்பீங்க."

"ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா சாமி?"

"நான் கேட்டா நீங்க சொன்ன மாதிரி ஆகுமுங்களா?"

பிறகு எழுந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "எனக்குச் சொன்னது போதும். உள்ள எம் மாமியா இருக்கறாங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

நல்லம்மா உள்ளே சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். ராசாத்தி முதலிலேயே உண்மையைச் சொன்னாள், மறைத்தவள் நான், அடம் பிடித்ததால் பிள்ளை போகவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கு அது பொணம் ஏத்துன வண்டிதான நல்லம்மாக்கா? நீங்களே உங்க மருமவள அதுல ஏத்தியிருப்பீங்களா?"

நல்லம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "இத இப்ப வந்து சொல்றியே சரசு. இத்தன நாளு எங்க போயிருந்த?" என்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பெல்லாம் அவள் கேட்கவில்லை. முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, "காலையில இருந்து ஒண்ணும் திங்கலையே, போயிச் சோத்தப் போட்டுத் தின்னு" என்று ராசாத்தியிடம் சொன்னாள். ராசாத்தி சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். பால் வண்டியில் போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

நான் கிளம்பும்போது ராசாத்தி கூடவே வந்து கொல்லைப் பக்கம் கூட்டிப்போனாள். பலா மரத்தடியில் ஒரு சின்ன மேடு. புல் முளைத்திருந்தது.

"மேடம் வந்தன்னைக்கு, புள்ளைய எங்க வெச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க. காட்டுனேன். செருப்பக் கழட்டி அங்க விட்டுட்டு, இந்த எடத்துல நின்னாங்க. மழை வந்துச்சு. உள்ள வாங்கன்னேன், வரல. 'புள்ளைக்கு என்ன பேரு வெக்கறதா இருந்தீங்க?'ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் யாரும் எங்கிட்ட அதக் கேக்கலைங்கக்கா."

"என்ன பேரு சாமி?"

எனக்கும் சொன்னாள். அது அவர்கள் வீட்டுப் பெயர், இங்கே எழுத மாட்டேன். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நின்றேன். கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்த ஒருவர், அந்த மழையில் நனைந்துகொண்டு, எந்த அறிக்கையிலும் சேர்க்க முடியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போயிருக்கிறார். எனக்கு இனிக் கடைசி வரைக்கும் சுகந்தி என்றால் அந்த மரத்தடியில் வெறுங்காலோடு நிற்கிறவர்தான்.

போய் வாருங்கள் கண்ணு. அம்மன் உங்களிடம் கணக்குக் கேட்டால் நிமிர்ந்து நின்று சொல்லுங்கள். நான் இங்கே இருக்கிற வரைக்கும், வெள்ளிக்கிழமை தோறும் ராசாத்தியும் நானும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு விளக்கும், பக்கத்திலேயே உங்களுக்கு ஒரு விளக்கும் வைப்போம்.

சரஸ்வதி, சோளக்காடு